சிங்காரவேலு தைத்த ரவிக்கை

எழுபத்தேழாம் வருஷம் நவம்பர் மாதம் அடித்த புயலில் கிளிஞ்சல்மேட்டில் சாய்ந்த தென்னைகள் ஏராளம். அதில் ஒன்று சிங்காரவேலுவின் இடுப்பில் விழுந்தது.

அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. காற்று ஏறத் தொடங்கியதுமே குப்பத்து ஜனங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். மனைவி அஞ்சுகத்தையும் நாலு வயது மகள் அல்லியையும் அவர்களோடு அனுப்பிவிட்டு, அவன் மட்டும் கரைக்கு ஓடினான். தன் கட்டுமரத்தை அலை தொடாத மேட்டுக்கு இழுத்து, ஒரு தென்னையோடு சேர்த்துக் கயிறு சுற்றினான். அந்தத் தென்னைதான் சாய்ந்தது. கட்டுமரத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம், புதுச்சேரியில் மூன்று மாதம். பங்குனியில் வீடு திரும்பியபோது இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை. சுவரில் சாய்த்து வைத்தால் உட்காருவான். கைகளை ஊன்றி, தரையில் உடம்பை இழுத்துக்கொண்டு கொல்லைவரை போவான். "இனி நடக்கிறது கஷ்டம்" என்று டாக்டர் அஞ்சுகத்திடம் சொல்லியிருந்தார். அவள் அதை அவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. வாசலுக்கு நேரே கட்டிலைப் போடச் சொல்லி, மணலில் கிடக்கும் கட்டுமரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பக்கத்து வீட்டுக்காரர் அதை வாடகைக்குக் கேட்டபோது, "ஆனி பொறக்கட்டும், நானே எறங்கிருவேன்" என்றான்.

ஆனி பிறந்தது, போயிற்று.

அஞ்சுகம் முன்பிருந்தே மீன் விற்கிறவள்தான். கரையில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக் காரைக்கால் தெருக்களில் விற்றுவிட்டு வருவாள். இப்போது அது போதவில்லை. மீதத்தை விழிதியூர் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனாள். விவசாயக் குடும்பங்கள் நிறைந்த ஊர். அறுப்புக் காலத்தில் நன்றாகப் போகும், மற்ற மாதங்களில் பாதிக் கூடை திரும்பி வரும். பொழுது சாய வீட்டுக்கு வந்தால் கழுத்தைத் திருப்ப முடியாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சிங்காரவேலுவுக்குக் கோபம் வரும். யார்மீது என்று தெரியாத கோபம். ஒருநாள் அல்லி தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டாள் என்று ஓங்கி அறைந்தான். குழந்தை அழவில்லை, மிரண்டு போய்ப் பார்த்தது. அன்றைக்குத்தான் அவன் முடிவெடுத்தான். கட்டிலில் கிடந்தபடியே ஏதாவது சம்பாதித்தாக வேண்டும்.

அஞ்சாம் வகுப்புவரை படித்தவன். பொரி கட்டி வந்த வாரப் பத்திரிகைத் தாளில் ஒரு விளம்பரம் இருந்தது: "வீட்டில் இருந்தபடியே மாதாமாதம் கை நிறைய வருமானம். ஆண், பெண், ஊனமுற்றோர் யாரும் சேரலாம்." கடைசி வார்த்தைக்காகவே அவன் அதைக் கிழித்து வைத்துக்கொண்டான். கார்டு எழுதிப் போட்டான். இருபது நாளில் வி.பி.பி. பார்சல் வந்தது. காசைக் கட்டித்தான் பிரிக்க வேண்டும். அஞ்சுகம் கட்டினாள்.

உள்ளே பல்பொடி செய்வது எப்படி என்று நாலு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம், ஒரு பொட்டலம் ரோஸ் நிறப் பொடி, கூடவே ஒரு கடிதம். அவன் இன்னும் அஞ்சு பேரைச் சேர்த்துவிட்டால்தான் வருமானம் தொடங்குமாம்.

தபால்காரர் கோவிந்தராசு போகாமல் வாசலிலேயே நின்றார்.

"ஏற்கெனவே அஞ்சு ஊட்டுக்குக் குடுத்துட்டேன் தம்பி, இதே பார்சல. ஒரு எடத்துலயாவது ஒழுங்கா இருக்குமான்னு நானும் பாக்குறேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமுல்ல, அண்ணே?"

"பார்சலப் பிரிக்காம உள்ள என்ன இருக்குன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? ஆனா அந்தப் பொடியில பல்லு வெளக்காதீங்க. நான் வெளக்கிப் பாத்தேன். ரெண்டு நாளைக்கு நாக்கு மரத்துப் போச்சு."

அஞ்சுகம் சிரித்துவிட்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதெல்லாம் தெரிந்துதான் உத்திராபதி வந்தான். அவன் அஞ்சுகத்தின் அண்ணன். தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த நாட்கள் அவை. காரைக்காலில் கடையில் கிடைக்கிற பாட்டிலுக்கு, எல்லையில் ஓடும் நண்டலாறு தாண்டினால் இரண்டு மடங்கு விலை. உத்திராபதிக்குக் கடலைவிட அதில்தான் நாட்டம். கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, மச்சினனின் முழங்காலைத் தட்டிக்கொண்டே பேசினான். அவன் தட்டுவது சிங்காரவேலுவுக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம் மாப்ள. கட்டிலுக்கு அடியில ரெண்டு பெட்டி இருக்கும். காலையில வைப்பேன், சாயங்காலம் எடுத்துக்குவேன். ஒன் ஊட்டுல எவன் வந்து பாக்கப் போறான்?"

"மாட்டுனா?"

"மாட்டவே மாட்ட. படுத்துக் கெடக்குற மனுசனோட கட்டில எந்தப் போலீசும் தூக்கிப் பாக்க மாட்டான்."

அஞ்சுகத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் பாதிக் கூடையோடு விழிதியூரிலிருந்து திரும்பி வந்திருந்தாள். சிங்காரவேலு சரி என்று சொல்லிவிட்டான். ஏழெட்டு வாரம் நடந்தது. வீட்டில் அரிசி இருந்தது. அவள் விழிதியூர் போவதை நிறுத்தினாள். கழுத்துவலி குறைந்தது.

ஒரு மத்தியானம், அஞ்சுகம் மார்க்கெட்டில் இருந்த நேரம், தெருவில் புதுச்சேரிப் போலீசின் சிவப்புத் தொப்பிகள் தெரிந்தன. யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் வரிசையாக ஒவ்வொரு வீடாகப் பானை சட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். சிங்காரவேலு வீட்டுக்குள் ஏட்டையா வந்தார். ஐம்பது வயதிருக்கும். குனிந்து நுழைந்தவர் கட்டிலைப் பார்த்ததும் நின்றார்.

"எப்ப அடிபட்டுச்சு?"

"புயல்லங்க."

"எங்க மச்சான் ஒருத்தரு இப்பிடித்தான் மரத்துலேருந்து விழுந்து கெடந்தாரு. ஆறு வருசம் கெடந்தாரு." பின்னால் நுழைய வந்த போலீஸ்காரரிடம், "இங்க ஒண்ணும் இல்ல, அடுத்த ஊட்டப் பாரு" என்றார். கட்டிலிலிருந்து போர்வையின் ஒரு பக்கம் நழுவித் தரையில் கிடந்தது. ஏட்டையா அதைக் குனிந்து எடுத்தார். இன்னும் ஒரு சாண் குனிந்திருந்தால் பெட்டிகள் கண்ணில் பட்டிருக்கும். அவர் பார்க்கவில்லை. போர்வையை உதறி, அவன் கால்மேல் போட்டு, ஓரத்தைச் செருகிவிட்டார்.

"ஒடம்பப் பாத்துக்குங்க தம்பி. மனசு மட்டும் விட்டுறாதீங்க."

அவர் போன பிறகு சிங்காரவேலுவுக்கு வேர்த்துக் கொட்டியது. பயம் தப்பிய வேர்வை இல்லை அது. செத்துப்போன தன் காலைக் காட்டி ஒரு நல்ல மனுஷனை ஏமாற்றிவிட்டோம் என்று அவனுக்கு உடம்பு கூசியது. புயலில் அடிபட்டதுகூட அத்தனை வலிக்கவில்லை என்று பின்னாளில் அவன் சொல்வதுண்டு.

சாயங்காலம் உத்திராபதி சிரித்துக்கொண்டே வந்தான். "நான்தான் சொன்னேன்ல!"

"எடுத்துட்டுப் போ மச்சான்."

"எடுக்கத்தான் வந்திருக்கேன்."

"இனிமே கொண்டாராத. இந்தக் கட்டிலு எனக்குப் படுக்கத்தான்."

உத்திராபதி தங்கையைப் பார்த்தான். அஞ்சுகம் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து வெளியே இழுத்துக் கொடுத்தாள். மறுவாரம் விழிதியூருக்குக் கிளம்பினாள்.

அவள் மீன் கொடுக்கும் வீடுகளில் ஒன்று காதர் பாட்சாவுடையது. காரைக்காலில் பள்ளிவாசலுக்குப் பின் தெருவில் தையல்கடை வைத்திருந்தவர். பண்டிகை நெருக்கத்தில் காஜா எடுக்கவும் கொக்கி தைக்கவும் ஆள் கிடைக்காமல் அவர் திண்டாடுவதை அஞ்சுகம் காதில் வாங்கினாள்.

"பாய், எங்க ஊட்டுக்காரருக்குக் கை நல்லாருக்கு. பாயெல்லாம் அவருதான் தைப்பாரு."

"என்ன பாயி? கோரப்பாயா?"

"கட்டுமரத்துப் பாயிங்க."

காதர் பாட்சா சிரித்தார். ஆனாலும் நாலு சட்டையைச் சுருட்டிக் கொடுத்தனுப்பினார். பாய்மரத் துணியில் கோணி ஊசியை ஓட்டிப் பழகிய விரல்கள் பட்டன் துளையைச் சுற்றி ஒரே அளவில் நூல் கோப்பதற்கு மூன்று நாள் திணறின. நாலாம் நாள் வசப்பட்டது. அடுத்த தடவை பத்துச் சட்டை வந்தது. கட்டிலிலிருந்து இறங்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். காலை முழுவதும் வேலை செய்தால் நேரம் போனதே தெரியவில்லை. அல்லி பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துத் தரக் கற்றுக்கொண்டாள்.

மூன்றாம் தடவை சட்டைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன.

"பாய் கோவிச்சுக்கிட்டாரு" என்றாள் அஞ்சுகம். "சட்டையில கவுச்சி அடிக்குதாம். கல்யாணத்துக்குத் தைச்ச சட்டையாம்."

அவள் கூடையில், மீனுக்கு மேலே வாழையிலை விரித்துத்தான் துணியைக் கொண்டு போயிருந்தாள். அன்றிலிருந்து காலையில் மீன் விற்றுவிட்டு வந்து, குளித்து, வேறு புடவை கட்டி, தகரப் பெட்டியில் துணியை வைத்துக்கொண்டு மறுபடியும் காரைக்காலுக்கு நடந்தாள். ஒரே நாளில் இரண்டு நடை. சிங்காரவேலு ஒரு மாதம் பார்த்தான். தன் சம்பாத்தியமும் அவள் தலையில் ஏறித்தான் வீட்டுக்கு வருகிறது என்று புரிந்தது. வேலை வாசலுக்கு வர வேண்டும். குப்பத்தில் பெண்கள் இருக்கிறார்கள். ரவிக்கை தைக்கக் காரைக்கால்வரை போகிறார்கள். ஒரு மிஷின் இருந்தால் போதும். காலால் மிதிக்கிற மிஷின் அவனுக்கு ஆகாது. கையால் சுற்றுகிற பழைய மிஷின் ஒன்று காதர் பாட்சா கடை மூலையில் கிடப்பதாக அஞ்சுகம் சொல்லியிருந்தாள். அவர் விலைக்குத் தரத் தயார்தான்.

ஒருநாள் காலை சோறு தின்று கை கழுவும்போது சிங்காரவேலு சொன்னான்.

"மண்டபத்தூருல ஒருத்தரு கட்டுமரம் தேடுறாராம். வந்து பாக்கச் சொல்லு."

அஞ்சுகம் சட்டியைக் கீழே வைத்தாள். அந்தக் கட்டுமரத்தை வாடகைக்குக்கூட விடாதவன் அவன்.

"ஒங்க காலு சரியானா..."

"ஆவாது அஞ்சுகம். ஒனக்குத் தெரியும். எனக்கும் ரொம்ப நாளாத் தெரியும்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த வார்த்தையைச் சொல்லாமல் இத்தனை மாதம் இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தார்கள். அன்றைக்குக் காலையில்தான் அழுதார்கள். இருவரும் சேர்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு.

மண்டபத்தூர்க்காரர் நாலு ஆட்களோடு வந்தார். கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தோளில் ஏற்றினார்கள். சிங்காரவேலு வாசற்படிவரை தவழ்ந்து வந்து பார்த்தான். "நடு மரம் தண்ணி கொஞ்சம் குடிக்கும். ஒரு நாளு விட்டு ஒரு நாளு காயப் போடுங்க" என்று மட்டும் சொன்னான்.

மிஷின் வந்தது. வலது கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், இடது கையால் துணியைத் தள்ள வேண்டும். முதல் ரவிக்கை அஞ்சுகத்துக்கு. வெட்டுவதில் தவறு. ஒரு கை ஏறியும் ஒரு கை இறங்கியும் இருந்தது, முதுகு பாய்போல் புடைத்தது. அதைப் போட்டுக்கொண்டே அவள் மார்க்கெட்டுக்குப் போனாள்.

"காத்தடிச்சா ஒன்னத் தூக்கிட்டுப் போயிரும்டி" என்றாள் காசியம்மா. கிளிஞ்சல்மேட்டு மீன்காரிகளில் அவளுக்குத்தான் பெரிய உடம்பு, பெரிய குரல். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அஞ்சுகமும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அந்த ரவிக்கையை அது கிழியும்வரை போட்டாள்.

சிங்காரவேலு அவளுடைய பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துத் தரையில் பரப்பினான். எந்தத் துண்டு எங்கே சேர்கிறது என்று தாளில் வரைந்துகொண்டான். இரண்டாவது பரவாயில்லை. அஞ்சாவது கச்சிதம். ஆனாலும் பெண்கள் வரத் தயங்கினார்கள். ஆம்பிளை முன்னால் நின்று அளவு கொடுப்பதற்குக் கூச்சம். கிழிந்ததைத் தைக்க மட்டும் அஞ்சுகத்திடம் கொடுத்தனுப்பினார்கள்.

அந்தக் கிழிசல்தான் அவனுக்கு வழி காட்டியது. வந்த ரவிக்கைகள் எல்லாம் ஒரே இடத்தில் கிழிந்திருந்தன. அக்குளுக்குக் கீழே, கையும் உடம்பும் சேரும் தையலில். துணி புதிதாக இருந்தாலும் அங்கேதான் விட்டிருந்தது. ஏன் என்று யோசித்தான். அஞ்சுகம் கூடையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது பார்த்தான். இரண்டு கையும் மேலே தூக்கியபடி, மைல் கணக்கில் நடக்கிறாள். கடையில் தைக்கிறவர்கள் கையைத் தொங்கப் போட்டு நிற்கிற பெண்ணுக்கு அளவெடுத்துத் தைக்கிறார்கள். கூடை தூக்குகிற பெண்ணுக்கு அது எப்படிப் பொருந்தும்?

வலையில் இழுப்பு விழுகிற மூலையை மீனவர்கள் ஒருநாளும் இறுக்கிக் கட்டுவதில்லை. கூட நாலு கண் விட்டுத் தளர்வாகக் கட்டுவார்கள். இறுக்கினால் அந்த இடம்தான் முதலில் அறும். அவன் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு துண்டுத் துணியைச் சாய்வாக வெட்டி, அக்குளில் அந்த மூலையில் வைத்துத் தைத்தான். அஞ்சுகத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னான்.

"கைய மேல தூக்கு."

தூக்கினாள். ரவிக்கை மேலேறவில்லை, எங்கும் பிடிக்கவில்லை. இன்னொரு தடவை தூக்கினாள். கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள்.

"என்னா செஞ்சீங்க இதுல? போட்ட மாதிரியே தெரியல."

பத்து நாள் கழித்து, பட்டப்பகலில், காசியம்மா நேரே வீட்டுக்குள் வந்து நின்றாள். "அஞ்சுகத்துக்கு வெச்ச மாதிரி எனக்கும் அக்குளுக்குத் துண்டு வெச்சுத் தைப்பியா தம்பி? மாசத்துக்கு ஒண்ணு கிழிக்கிறேன் நான்."

"அளவு ரவிக்கை குடுங்க அக்கா."

"அது எங்க இருக்கு, எல்லாம் கிழிஞ்சு கெடக்கு. டேப்ப எடு. ஒங்கம்மாவ விட நாலு வயசுதான் சின்னவ நான். ஒன்கிட்ட எனக்கு என்னா வெக்கம்?"

டேப்பை அஞ்சுகம் பிடித்தாள், அவன் எண்களை எழுதினான். அந்த ஏற்பாடே பிறகு நிலைத்தது. காசியம்மா புது ரவிக்கையோடு மார்க்கெட்டில் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கித் தூக்கிக் காட்டினாளாம். அந்த மாதம் ஒன்பது பேர் வந்தார்கள். அடுத்த வருஷம் மண்டபத்தூரிலிருந்து வந்தார்கள். விழிதியூரில் நடவு நடுகிற பெண்கள், "மீன்காரி ரவிக்கை வேணும்" என்று அஞ்சுகத்திடமே சொல்லியனுப்பினார்கள். குனிந்து நிமிர அவர்களுக்கும் அது தோதாக இருந்தது.

காதர் பாட்சா ஒருநாள் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒரு ரவிக்கையை உள்புறம் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தார்.

"இருவது வருசமா தைக்கிறேன். எனக்கு இது தோணல. எங்க கத்துக்கிட்டீங்க?"

"வலையில பாய். இழுப்பு உள்ள எடத்துல எடம் விடணும்."

"நானும் இத மாதிரி தைக்கலாமா?"

சிங்காரவேலுவுக்குச் சிரிப்பு வந்தது. தன்னிடம் ஒருவர் அனுமதி கேட்டு எத்தனை நாள் ஆகிவிட்டது! "தாராளமாத் தைங்க. கூட தூக்குறவங்க காரைக்கால்ல நெறைய பேரு இருக்காங்க" என்றான்.

எண்பத்தொன்றில் தமிழ்நாட்டில் சாராயக் கடைகளைத் திறந்துவிட்டார்கள். உத்திராபதியின் வியாபாரம் அதோடு படுத்தது. அதற்குள் இரண்டு தடவை உள்ளே போய் வந்திருந்தான். கொஞ்ச நாள் படகில் கூலிக்குப் போனான், உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஒருநாள் வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"தைச்சத எல்லாம் அஞ்சுகமே தூக்கிக்கிட்டு அலையுதே மாப்ள. எங்கிட்ட சைக்கிளு சும்மாதான் கெடக்கு."

சிங்காரவேலு மிஷினை நிறுத்தினான். மச்சானின் முகத்தைப் பார்த்தான். ஏளனமாகச் சொல்ல ஒரு வார்த்தை நாக்குவரை வந்தது என்றும், சொல்லவில்லை என்றும் பின்னாளில் அவனே சொன்னான்.

"உள்ள வா மச்சான். மண்டபத்தூருக்குப் பன்னெண்டு ரவிக்கை போவணும். மழைத்தண்ணி படாமக் கொண்டு போவணும், அவ்வளவுதான்."

எண்பத்துநாலில் குப்பத்துக்குப் புது விசைப்படகு ஒன்று வந்தது. படகுக்காரர் சிங்காரவேலுவின் கூட்டாளி. முதல் ஓட்டத்துக்கு அவனும் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நாலு பேர் அவனைத் தூக்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து படகில் ஏற்றினார்கள். ஏழு வருஷத்துக்குப் பிறகு கடல். கரையில் அஞ்சுகமும் அல்லியும் கை ஆட்டினார்கள். கரைகூடத் தெரியாத தூரத்துக்குப் போவோம் என்று அவன் நினைத்திருந்தான். முகத்துவாரம் தாண்டிய கொஞ்ச நேரத்தில், டீசல் வாடையும் ஆட்டமும் சேர்ந்து, பக்கவாட்டில் தலையைச் சாய்த்துக் குடல் வரைக்கும் வாந்தி எடுத்தான். பத்து வயதிலிருந்து கடலில் கிடந்தவன்! படகே சிரித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு அவனும் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"திருப்புங்கடா. மாங்கனித் திருவிழாவுக்கு இன்னும் எட்டே நாளு இருக்கு. இருவத்தஞ்சு ரவிக்கை வெட்டாமக் கெடக்கு."

கரைக்கு வந்ததும் அஞ்சுகம் தண்ணீருக்குள் இறங்கி நின்று கேட்டாள், "எப்பிடி இருந்துச்சு?"

"அழகாத்தான் இருந்துச்சு" என்றான். "என்னத் தூக்கி எறக்க நாலு பேரக் கூப்புடு. பசிக்குது."